‘842 பிழைகள்’ என்று கணினி சொன்னால்: ரெஜிஸ்ட்ரி கிளீனர்களின் ஆபத்து

விண்டோஸ் 10-க்கு இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது, இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. நீலகிரி மலையில், கோத்தகிரியிலும் குன்னூரிலும் மஞ்சூரிலும் பச்சைத் தேயிலை எடைபோடும் கூடத்தில், இ-சேவை மையத்தில், விடுதி வரவேற்பு மேசையில் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பல இந்த வரம்புக்குள் வராதவை. மாற்றவும் முடியவில்லை, வேலையும் நகரவில்லை என்ற நிலையில்தான் திரையில் ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது: ‘உங்கள் கணினியை வேகமாக்குகிறோம்’. இலவசமாக ஸ்கேன் செய்து ‘842 பிழைகள்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டும். சரிசெய்ய ஒரு பொத்தான். பெரும்பாலும் அதற்கு ஒரு கட்டணம். இப்படிப்பட்ட மென்பொருளைத்தான் ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்கிறார்கள்.

அந்த 842 என்ன, அவற்றை நீக்கினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ரெஜிஸ்ட்ரி என்பது என்ன

விண்டோஸும் அதில் போட்ட மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் பொதுப் பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி. 1992-இல் விண்டோஸ் 3.1 வந்தபோது இது சிறிய அளவில் தொடங்கியது. அப்போது பெரும்பாலான மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளை ஐஎன்ஐ என்ற தனித்தனி எழுத்துக் கோப்புகளில் எழுதிவந்தன. விண்டோஸ் 95-க்குப் பிறகு எல்லாம் இந்த ஒரே பதிவேட்டுக்கு வந்துசேர்ந்தன.

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த சர்வே எண்ணில் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று வரிசையாக இருக்கும். அதை யாரும் தினமும் புரட்டுவதில்லை. கடன் வாங்கவோ நிலத்தை விற்கவோ போகும் நாளில்தான் ஒரு வரி விடுபட்டிருப்பதே தெரியவரும். ரெஜிஸ்ட்ரியும் அப்படியே.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் மூன்று:

1. கீ: கோப்புறை போன்றது. ஒரு கீக்குள் இன்னொரு கீ இருக்கலாம்.
2. வேல்யூ: கீக்குள் இருக்கும் ஒரு பதிவு. பெயர், வகை, மதிப்பு என்று மூன்று பகுதி கொண்டது.
3. ஹைவ்: இவையெல்லாம் உண்மையில் சேமிக்கப்படும் கோப்பு. சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்ற ஐந்தும் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பயனருக்கும் தனி ஹைவ் அவரவர் புரொஃபைலில் மறைவாக இருக்கும்.

சிஸ்டம் ஹைவ் கெட்டால் விண்டோஸ் எழவே எழாது. சாஃப்ட்வேர் ஹைவில் சில வரிகள் போனால் கணினி எழும்; ஆனால் ஏதோ ஒரு மென்பொருள், ஏதோ ஒரு நாளில் மக்கர் செய்யும். இரண்டாவது வகைதான் அதிகம் நடக்கிறது. கண்டுபிடிப்பதும் அதில்தான் கடினம்.

கிளீனர் எதைப் ‘பிழை’ என்கிறது

கிளீனர் ரெஜிஸ்ட்ரியை வரிவரியாகப் படித்து, ஒரு வரி சுட்டும் கோப்போ கோப்புறையோ அந்த நேரத்தில் வட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் பிழை. காலியாக இருக்கும் கீயும் பிழை. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலில் நீங்களே அழித்துவிட்ட கடிதத்தின் பெயர் இருந்தால் அதுவும் பிழை. எண்ணிக்கையை ஊதிக் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். அது இருந்தாலும் நட்டமில்லை, போனாலும் லாபமில்லை.

‘கோப்பு இல்லை, ஆகவே வரி தேவையில்லை’ என்ற தர்க்கம் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. தரிசாகக் கிடக்கிறது என்பதற்காக அடங்கலில் அந்த சர்வே எண்ணையே அடித்துவிடுவது போன்றது அது. ஒரு வரி தேவையா இல்லையா என்பது அதை எழுதிய மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். வெளியிலிருந்து பார்க்கும் கிளீனருக்கு ஊகம்தான் வழி. அந்த ஊகம் தவறும் இடங்கள்:

1. இப்போது செருகியிராத வட்டு. கணக்கு மென்பொருளின் தரவு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ, பக்கத்து அறைக் கணினியில் நெட்வொர்க் டிரைவாகவோ இருக்கலாம். ஸ்கேன் நேரத்தில் அது இணைப்பில் இல்லையென்றால், அதைச் சுட்டும் வரிகள் எல்லாம் ‘பிழை’.

2. 32 பிட், 64 பிட் குழப்பம். 64 பிட் விண்டோஸில் ஒரு 32 பிட் மென்பொருள் சிஸ்டம்32 கோப்புறையைத் திறக்கக் கேட்டால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 என்ற வேறொரு கோப்புறைக்குத் திருப்பிவிடும். பழைய மென்பொருள்கள் தடையில்லாமல் ஓடச் செய்த ஏற்பாடு இது. இதைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்ட கிளீனர், சிஸ்டம்32-இல் நன்றாக இருக்கும் கோப்பைக் காணோம் என்று முடிவுகட்டும்.

3. காலியாக இருப்பதே பொருளாக இருக்கும் வரிகள். விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவைப் பழையபடி மாற்றப் பலர் செய்யும் வழி, ரெஜிஸ்ட்ரியில் ஒரு கீயை உருவாக்கி அதன் மதிப்பை வேண்டுமென்றே வெற்றாக விடுவது. அந்த வெறுமைதான் அங்கே கட்டளை. கிளீனரின் கண்ணுக்கு அது குப்பை.

4. பகிர்ந்துகொள்ளும் கோப்புகள். டிஎல்எல் என்ற பொது நிரல் கோப்பு ஒன்றை நான்கு மென்பொருள்கள் பயன்படுத்தினால், ரெஜிஸ்ட்ரியில் ‘4’ என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். ஒன்றை அன்இன்ஸ்டால் செய்தால் அது 3 ஆகும். பூஜ்யம் ஆனால்தான் கோப்பை நீக்கலாம். அந்த வரியைத் தொலைத்துவிட்டால், அடுத்த அன்இன்ஸ்டால் மற்ற மூன்றுக்கும் தேவையான கோப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகக்கூடும்.

லாபக் கணக்கு

ஒரு பதிவுக்குச் சராசரியாக 200 பைட் என்று தாராளமாகவே வைப்போம். 842 பதிவுகளை நீக்கினால் ஏறத்தாழ 165 கேபி. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் பத்தில் ஒரு பங்குகூட வராது. சாஃப்ட்வேர் ஹைவ் மட்டுமே பல பத்து எம்பி இருக்கும்.

அந்த 165 கேபியும் உடனே கைக்கு வருவதில்லை. பதிவை நீக்கினால் ஹைவ் கோப்பு சுருங்காது. உள்ளே அந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அடுத்து வரும் பதிவு அங்கே போய் உட்காரும்.

வேகம்? விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படிப்பதில்லை. பெயர்வாரியாக வரிசைப்படுத்திய பட்டியலில் நேராகத் தேவையான கீக்குப் போகிறது. வாக்காளர் பட்டியலில் பத்து பெயரை அடித்தால் உங்கள் பெயரைத் தேடும் நேரம் குறையாது அல்லவா, அதுபோல. விண்டோஸ் 2000 வரை ரெஜிஸ்ட்ரியின் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு இருந்தது. அப்போது அளவைக் குறைப்பதில் ஓரளவு பொருள் இருந்தது. எக்ஸ்பி வந்ததும் அந்த வரம்பு போய்விட்டது. இன்று விற்கப்படும் கிளீனர்கள் அந்தக் காலத்துக் கவலையைத்தான் இன்னும் விற்கின்றன.

எடைக்கூடத்தில் என்ன ஆகும்

இந்த ஆபத்து மலையில் எப்படி உருவெடுக்கும் என்பதை ஒரு எடைக்கூடத்தை வைத்தே பார்க்கலாம்.

மின்னணுத் தராசிலிருந்து கணினிக்கு எடை வருவது பழைய சீரியல் கேபிள் வழியாக. புதிய கணினிகளில் அந்தச் செருகுமிடம் கிடையாது என்பதால், இடையில் ஒரு யுஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் இருக்கும். அதை முதலில் செருகும்போது விண்டோஸ் அதற்கு ஒரு போர்ட் எண் தருகிறது, காம் 3 என்று வைத்துக்கொள்வோம். எடை மென்பொருளிலும் ‘காம் 3’ என்று பதிந்துவிடுகிறார்கள். மறுநாள் எடுத்துவிட்டுத் திரும்பச் செருகினாலும் அதே எண் வருவதற்குக் காரணம், அந்தக் கன்வர்ட்டரைப் பற்றிய வரி ரெஜிஸ்ட்ரியில் இருப்பதுதான்.

சில துப்புரவு மென்பொருள்கள், இணைப்பில் இல்லாத சாதனங்களின் பதிவுகளையும் குப்பையாக எண்ணி நீக்கிவிடும். தராசு வேலை முடிந்து, கன்வர்ட்டரை உருவிவைத்த மாலை நேரத்தில் கிளீனரை ஓட்டினால் அந்த வரி போகும். ஆனால் ‘எண் 3 எடுக்கப்பட்டுவிட்டது’ என்ற குறிப்பு ரெஜிஸ்ட்ரியில் வேறோர் இடத்தில் இருக்கிறது; அது அப்படியே நிற்கும். காலையில் கன்வர்ட்டரைச் செருகியதும் விண்டோஸ் அதைப் புதிய சாதனமாகப் பார்க்கும். 3 எடுக்கப்பட்டது என்பதால் காம் 4 தரும். எடை மென்பொருளோ இன்னும் காம் 3-இல் காத்திருக்கும். தராசின் முகப்பில் 28.4 கிலோ தெரியும். கணினித் திரையில் பூஜ்யம்.

வாசலில் மூட்டைகள் வரிசையாக நிற்கும். மூட்டைக்குள் அமுங்கிக் கிடக்கும் பச்சை இலை சூடேறிச் சிவந்துபோகும். கோளாறு சரியாகும்வரை இலை காத்திருக்காது. பழுது தராசிலா, கேபிளிலா, மென்பொருளிலா என்று தேடும்போது, நேற்று மாலை ஓட்டிய கிளீனரின் நினைவு யாருக்கும் வராது.

சரிசெய்வது எளிது. டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியை விரித்து, கன்வர்ட்டரின் பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் என்று போனால் போர்ட் எண்ணை மாற்றலாம். ‘3 பயன்பாட்டில் உள்ளது’ என்று எச்சரிக்கும். வேறெந்தச் சாதனமும் உண்மையில் 3-ஐப் பயன்படுத்தவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஒப்புதல் தரலாம். பிறகு கன்வர்ட்டரை உருவித் திரும்பச் செருக வேண்டும்.

இதே போன்ற மற்ற சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம்:

1. டிஜிட்டல் கையொப்ப டோக்கன். ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்குப் பயன்படும் யுஎஸ்பி டோக்கனை எந்த டிரைவர் கொண்டு படிக்க வேண்டும் என்பது ரெஜிஸ்ட்ரியில்தான் பதிவாகியிருக்கிறது. அது போனால் டோக்கன் விளக்கு எரியும், சான்றிதழ் மட்டும் தெரியாது. டோக்கன் மென்பொருளை முழுதாக மறுபடி நிறுவ வேண்டும். கடைசித் தேதியன்று இது நேர்ந்தால் தாமதக் கட்டணம்தான்.

2. தமிழ் விசைப்பலகை. தனியாகப் போடும் தமிழ் உள்ளீட்டு மென்பொருள்களில் பல, விண்டோஸிடம் தங்களை ரெஜிஸ்ட்ரி வழியாகவே பதிந்துகொள்கின்றன. அந்தப் பதிவு கலைந்தால் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கும். அடித்தால் ஆங்கில எழுத்து வரும்.

3. அன்இன்ஸ்டால், அப்டேட் தகவல்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாகப் போட்ட மென்பொருளின் மூலப் பொதி எங்கே இருக்கிறது என்ற வரிகள் போனால், அந்த மென்பொருளை அப்டேட் செய்யவும் முடியாது, நீக்கவும் முடியாது, மேலேயே மறுபடி போடவும் முடியாது. மூன்று கதவும் ஒருசேர அடைபடும்.

மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போவதால் ரெஜிஸ்ட்ரி கெட்டுவிடுகிறது, ஆகவே அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. ஒவ்வொரு ஹைவுக்கும் துணையாக லாக் கோப்புகள் இருக்கின்றன. எழுதும் நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை எழும்போது விண்டோஸ் அவற்றை வைத்து ஹைவைச் சீராக்கிக்கொள்ளும். கிளீனர் பாதி நீக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கதை வேறு. ஹைவின் கட்டமைப்பு தப்பித்துவிடும். ஆனால் எந்த வரி போனது, எது மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிளீனரே ஆபத்தாகும்போது

ரெஜிஸ்ட்ரியில் கணினி முழுமைக்குமான பகுதிகளைத் திருத்த நிர்வாகி உரிமை வேண்டும். அந்த உரிமையைக் கொடுத்தபின் அந்த மென்பொருள் கணினியில் எதையும் செய்யலாம். 2017-இல் உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்பட்ட சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பில், தயாரிப்பாளரின் சர்வருக்குள்ளேயே புகுந்து தாக்குதல்காரர்கள் தீங்கு நிரலைச் செருகிவிட்டார்கள். முறையான தளத்திலிருந்து, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு இறக்கியவர்களுக்கே அது வந்துசேர்ந்தது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு இருந்ததாக நிறுவனமே அறிவித்தது. பெயர் பெற்ற மென்பொருளுக்கே இந்த நிலை என்றால், பாப்அப் விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத ஒன்றுக்கு நிர்வாகி உரிமை கொடுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்கேன் முடிவையே நம்ப முடியாத நிலையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற கடைத்தொடரும் சப்போர்ட்.காம் நிறுவனமும் 2019-இல் மொத்தம் 3.5 கோடி டாலர் செலுத்தி ஒரு வழக்கை முடித்துக்கொண்டன. அவர்களின் கணினி ஆரோக்கியச் சோதனை, ஸ்கேனில் கண்டதை வைத்து முடிவு சொல்லவில்லை. கணினி மெதுவாக இருக்கிறதா என்பது போல முன்கூட்டியே கேட்ட கேள்விகளுக்கு வாடிக்கையாளர் தந்த பதிலை வைத்தே முடிவு காட்டியது என்பது அங்குள்ள கூட்டாட்சி வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு.

மைக்ரோசாஃப்ட்டின் நிலை தெளிவானது. 1990-களில் அதுவே ரெக்கிளீன் என்று ஒன்றை வெளியிட்டு, பின்னர் விலக்கிக்கொண்டது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை, அவற்றால் வரும் கோளாறுகள் விண்டோஸை மறுபடி நிறுவாமல் தீரும் என்று உறுதி தர முடியாது என்பதே அதன் கொள்கை.

அப்படியானால் மெதுவாவது எதனால்

பழைய கணினியில் முதல் சந்தேகம் சுழலும் ஹார்ட் டிஸ்க் மீதுதான் விழ வேண்டும். அது நொடிக்கு நூறு சொச்சம் முறைதான் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துத் தரும். சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை தரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் பத்தி தொடர்ந்து 100 சதவீதத்தில் நின்றால் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாற்றுங்கள். எந்தக் கிளீனரும் தராத வேகம் அதில் கிடைக்கும். மெமரி பத்தி 85-க்கு மேலேயே இருந்தால், 4 ஜிபி ரேமை 8 ஆக்க வேண்டும். அதே டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யலாம். அது எந்த நேரமும் திரும்பப் பெறக்கூடிய மாற்றம். வட்டில் இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போதும். டவுன்லோட்ஸ் என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்யாமல் விடுங்கள்.

மலைக்கே உரிய காரணம் ஈரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்ளே வரும் பனிமூட்டமும் தூசியும் சேர்ந்து, பிராசசர் மேலுள்ள விசிறியின் அடியில் கம்பளி போலப் படிந்துவிடும். சிப் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து மென்மையான பிரஷ்ஷால் எடுத்தால் போதும்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்களுக்கு

1. முதலில் தரவு. கணக்குக் கோப்புறை, எடைப் பதிவுகள், ஸ்கேன் செய்த ஆவணங்கள் ஆகியவற்றை வேறொரு வட்டில் நகலெடுங்கள். அடுத்த படிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

2. கிளீனர் நீக்கும் முன் பேக்கப் எடுத்திருந்தால், டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில் ரெக் கோப்பாக இருக்கலாம். அதை இரட்டைக் கிளிக் செய்தால் நீக்கிய வரிகள் திரும்பும். அந்த வரிகளைத் திருத்த யாருக்கு அனுமதி என்ற விவரம் மட்டும் அந்தக் கோப்பில் இருக்காது. ஆகவே சில மென்பொருள்கள் அப்போதும் சரியாக வராமல் போகலாம்.

3. சிஸ்டம் ரெஸ்டோர். ஸ்டார்ட் மெனுவில் ‘ரெஸ்டோர் பாயின்ட்’ என்று தேடி, கிளீனர் ஓட்டிய நாளுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். ஆவணங்கள் போகாது, அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மென்பொருள்களும் டிரைவர்களும் போகும்.

4. விண்டோஸ் எழவே இல்லையென்றால், எழும் நடுவில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை மூன்று முறை செய்யுங்கள். ரெக்கவரித் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் வழியாக சிஸ்டம் ரெஸ்டோர் கிடைக்கும். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும்.

5. ரெஸ்டோர் பாயின்ட் இல்லை, ஆனால் விண்டோஸ் எழுகிறது என்றால், விண்டோஸ் அமைவுப் பென் டிரைவிலிருந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கட்டும் என்ற தேர்வோடு மேலேயே நிறுவலாம்.

பழைய இணையப் பக்கங்கள் சொல்லும் ஒரு வழி இப்போது பெரும்பாலும் பலிக்காது. கான்ஃபிக் கோப்புறைக்குள் ரெக்பேக் என்ற இடத்தில் விண்டோஸ் முன்பு ஹைவ்களின் நகலைத் தானாக வைத்துவந்தது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். கோப்புகள் இருப்பது போலத் தெரியும், அளவு பூஜ்யம். அவற்றை எடுத்து நிஜ ஹைவ்களின் மேல் நகலெடுத்தால் இருந்ததும் போய்விடும்.

மூன்றாவது படியும் ஐந்தாவது படியும் முன்கூட்டியே தயாராக இருந்தால்தான் உதவும். ரெஸ்டோர் பாயின்ட் தேடிய அதே பெட்டியில் சி டிரைவுக்கு புரொடெக்‌ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல கணினிகளில் அது ஆஃபாகவே இருக்கும். 5 சதவீத இடம் கொடுத்தால் போதும். விண்டோஸ் அமைவுக் கோப்பு 6 ஜிபி அளவு வரும். 5 எம்பிபிஎஸ் இணைப்பில் அதை இறக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும், இடையில் ஒரு முறையும் கரண்ட் போகாமல் இருந்தால். மழை வலுப்பதற்கு முன் ஒரு 8 ஜிபி பென் டிரைவில் அதை எடுத்துவையுங்கள். தராசின் போர்ட் எண், டோக்கன் மென்பொருளின் பெயர், கணக்குத் தரவு இருக்கும் கோப்புறை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஈரம் படாமல் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.